தலைமை என்னும் பெயரும் நடத்துதல் என்னும் வினையும்: தமிழ் மேலாண்மை உரைநடை பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

நிறுவனங்களில் பணியாற்றுவோரிடம் தலைமைத் திறனையும் மேலாண்மைத் திறனையும் வளர்ப்பது பற்றித் தமிழில் எழுதப்படுவன பலவகைப்படும். மேனிலைப்பள்ளி, கல்லூரி வணிகவியல் பாடநூல்கள், கூட்டுறவு நிறுவனங்களின் பயிற்சிக் கையேடுகள், ஊராட்சி உறுப்பினர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் உரிய பயிற்சி ஏடுகள், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்படும் பொதுவாசகர் நூல்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவ்வுரைநடையை மதிப்பிடுவோர் பெரும்பாலும் கலைச்சொற்களையே நோக்குகின்றனர். ஒரு சொல் தமிழ்ச்சொல்லா வடசொல்லா, எளிதா அரிதா, ஒரே பொருளுக்குப் பல சொற்கள் வழங்குகின்றனவா என்பனவே எழுப்பப்படும் வினாக்கள். இவை தேவையான வினாக்களே. எனினும், அச்சொற்கள் தொடரில் அமையும்போது யார், யாரிடம், எதை, எந்த அதிகாரத்தால் செய்கிறார் என்பது விளங்குகிறதா என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை.

திறன் என்பது செயலில் வெளிப்படுவது. செயலை உணர்த்தும் வினையை விடுத்து, நிலையை உணர்த்தும் பெயரால் மட்டும் ஒரு திறனைக் கற்பிக்க முற்பட்டால், கற்பவருக்குக் கிடைப்பது திறனன்று; ஒரு பதவியின் பெயரே. தமிழ் மேலாண்மை உரைநடையில் நேர்ந்திருப்பது இதுவே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். இங்குக் காட்டப்படும் எண்ணிட்ட தொடர்கள் எந்த நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. இவ்வுரைநடையின் பொது அமைப்பை விளக்குவதற்காக அமைக்கப்பட்டவை.

2. பின்புலம்

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் மேலாண்மைக் கல்வியும் இந்திய மொழிகளின் கலைச்சொல்லாக்கமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. ஐதராபாத்தில் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி 1956இல் நிறுவப்பட்டது. கல்கத்தா, அகமதாபாத் ஆகிய நகரங்களில் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961இல் தொடங்கப்பட்டன. அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் அமைக்கப்பட்டதும் அதே 1961இல்தான். தமிழகத்தில் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் நிறைவேறியது. ஆட்சிச் சொல்லகராதியின் முதற்பதிப்பு அடுத்த ஆண்டில் வெளிவந்தது.

தோற்றம் ஒரே காலத்தது ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. மேலாண்மைக் கழகங்கள் ஆங்கிலத்தில் கற்பித்தன. கலைச்சொல்லாக்கமோ அலுவலகக் கோப்புகளையும் பாடநூல்களையும் கருத்திற்கொண்டு நடந்தது. இதனால் மேலாண்மை பற்றிய சிந்தனை ஆங்கிலத்திலும், மேலாண்மை நடைமுறை தொழிற்கூடத்தின் பேச்சுத் தமிழிலும், அதைப் பற்றிய பாடம் சொல்லகராதித் தமிழிலுமாக மூன்று தளங்களில் பிரிந்து நின்றன. ஒரு நூற்பாலையின் மேற்பார்வையாளரோ கூட்டுறவு வங்கிக் கிளையின் மேலாளரோ நாள்தோறும் பேசும் மொழிக்கும், பயிற்சி வகுப்பில் அவர் கையில் தரப்படும் ஏட்டின் மொழிக்கும் இடையே உள்ள தொலைவு இப்பிரிவின் விளைவாகும்.

3. தலைமை: வினையற்ற பெயர்

ஆங்கிலத்தில் ‘லீட்’ என்னும் வினையிலிருந்து ‘லீடர்’ என்னும் வினைமுதற்பெயரும், அதிலிருந்து ‘லீடர்ஷிப்’ என்னும் பண்புப்பெயரும் தோன்றின. வடமொழியில் ‘நீ’ என்னும் வினையடியிலிருந்து ‘நேதா’, ‘நேத்ருத்வ’ ஆகியவை பிறந்தன. இந்தி முதலிய மொழிகள் இவ்வரிசையை ஏற்றுக்கொண்டன. இரு வரிசைகளிலும் பண்புப்பெயருக்குள் வினை இருக்கிறது. அழைத்துச் செல்பவர் ஒருவர், அவருடன் செல்பவர் மற்றொருவர், செல்லும் திசை ஒன்று என்னும் மூன்றையும் அவ்வினை வேண்டி நிற்கிறது.

தமிழில் ‘தலை’ என்னும் உறுப்புப்பெயரிலிருந்து ‘தலைவர்’, ‘தலைமை’ என்பன அமைந்தன. இவ்வரிசையில் வினை இல்லை. ‘தலைமை’ ஓர் இடத்தைக் குறிக்கிறது; இயக்கத்தைக் குறிப்பதில்லை. வினையாக்க வேண்டின் ‘தாங்கு’, ‘வகி’, ‘ஏல்’ முதலிய துணைச்சொற்களை வேண்டுகிறது. இவையும் சுமத்தலையும் பெறுதலையும் குறிப்பனவே. நாளிதழ்ச் செய்தியில் ஒருவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார் எனப்படும்போது, அவர் எதையேனும் நடத்தினார் என்னும் பொருள் கட்டாயமன்று. தலைமை நாற்காலியில் அமர்ந்தார் என்பதே போதும். பெயரடையாக வரும்போதும் தலைமைச் செயலாளர், தலைமை ஆசிரியர், தலைமை அலுவலகம் எனப் படிநிலையையே சுட்டுகிறது. ‘தலை’யை முதலாகக் கொண்டு இன்று பெருவழக்கிலுள்ள வினைகளுள் ஒன்று ‘தலையிடு’ என்பது. அது நல்ல மேலாளர் தவிர்க்க வேண்டிய செயலையே பெரிதும் குறிக்கிறது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். சொற்பிறப்பு சொற்பொருளைத் தீர்மானிப்பதில்லை. கலைச்சொல் வழக்கினால் நிலைபெறும் குறியீடு. எனவே ‘தலைமை’ என்பதற்கு ‘லீடர்ஷிப்’ என்னும் பொருளை வரையறையால் ஏற்றிவிடலாம் என்பது அம்மறுப்பு. கொள்கையளவில் இது சரியே. ஆனால் இங்குச் சுட்டப்படுவது சொற்பிறப்பு மட்டுமன்று. சொல்லின் இன்றைய தொடரமைப்பும் உடன்நிகழ்ச் சொற்களுமாகும். ‘தலைமை’ இன்றும் பதவிச் சொற்களோடும் ‘ஏற்றல்’, ‘தாங்கல்’ போன்ற வினைகளோடுமே வருகிறது. வரையறையில் ஏற்றிய பொருளை வழக்கு ஒவ்வொரு தொடரிலும் இறக்கிவைத்து விடுகிறது. கீழ்வரும் தொடரை நோக்குக:

(1) ஒவ்வொரு பணியாளரும் தலைமைப் பண்புகளை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் இக்கருத்து, பதவி எதுவாயினும் பிறரை ஒரு செயலில் முன்னழைத்துச் செல்லும் திறன் வேண்டும் எனப் பொருள்படும். தமிழ்த் தொடரைப் படிக்கும் எழுத்தருக்கோ, தாம் பின்னொரு நாள் தலைவர் ஆவதற்குரிய குணங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றே தோன்றும். திறன் பதவிக்கான தகுதியாக மாறிவிடுகிறது.

இதன் நடைமுறை விளைவை ஊராட்சி அமைப்பில் காணலாம். 1992இன் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் அதைத் தொடர்ந்த 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களை ஒதுக்கின. தமிழகத்தில் இவ்வொதுக்கீடு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. தலைவர் பதவியில் பெண் இருக்க, பணிகளை அவர்தம் கணவரோ உறவினரோ நடத்தும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளது. பெயர் ஒருவரிடமும் வினை மற்றொருவரிடமும் இருக்கும் நிலை இது. இத்தகைய தலைவருக்குத் துணிவு, நேர்மை, தொலைநோக்கு எனத் தலைமைப் பண்புகளின் பட்டியலைத் தருவதால் பயன் சிறிது. கூட்டத்தைக் கூட்டுதல், பொருள்நிரலை வகுத்தல், கணக்கைக் கேட்டல், படித்துப் பார்த்தபின் கையொப்பமிடல், ஏற்காத தீர்மானத்தை மறுத்தல் என்னும் வினைகளே அவருக்கு வேண்டும்.

4. மேலாண்மை, நிர்வாகம், நடத்துதல்

மேலாண்மைச் சிந்தனையின் முன்னோடிகளுள் ஒருவரான ஆன்றி ஃபயோல் பிரான்சு நாட்டுச் சுரங்க நிறுவனமொன்றை 1888 முதல் 1918 வரை நடத்தியவர். அவரது நூல் 1916இல் பிரெஞ்சில் வெளிவந்தது. அதன் தலைப்பிலுள்ள ‘அட்மினிஸ்திராசியோன்’ என்னும் சொல் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ என்றே இருந்தது. 1949இல் கான்ஸ்டன்ஸ் ஸ்டோர்ஸ் செய்த மொழிபெயர்ப்பில் அது ‘மேனேஜ்மென்ட்’ ஆயிற்று. அம்மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதிய லிண்டால் அர்விக் இம்மாற்றம் பற்றித் தம் தயக்கத்தைப் பதிவு செய்தார். பீட்டர் டிரக்கரும் 1970களில் வெளியான தம் பெருநூலில், ‘மேனேஜ்மென்ட்’ பிற மொழிகளில் பெயர்த்தற்கு அரிய சொல் என்று குறிப்பிட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஐரோப்பிய மொழிகளுக்கிடையிலும் இருந்ததென்பதை இது காட்டும்.

தமிழகத்தில் ‘மேலாண்மை’யும் ‘நிர்வாக’மும், இலங்கையில் ‘முகாமைத்துவ’மும் வழங்குகின்றன. ‘மேலாண்மை’ என்பதில் ‘மேல்’ என்னும் இடப்பொருள் முன்நிற்கிறது. ஆங்கிலச் சொல்லோ கையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து, குதிரையைப் பழக்குதல் என்னும் பொருளுடைய இத்தாலிய வினை வழியாக வந்தது. அதற்கு நேரான அமைப்புடைய ‘கையாள்’ என்னும் வினை தமிழில் உண்டு. ஆனால் அதன் பெயர்வடிவம் ஏவலுக்கு இயங்கும் அடியாள் என்னும் இழிபொருளைப் பெற்றுவிட்டமையால் கலைச்சொல்லாதற்குத் தடை நேர்ந்தது போலும்.

பெயரை விட்டு வினையை நோக்கினால் ‘நடத்து’ என்பது சிறப்பாகக் கருதத்தக்கது. இது ‘நட’ என்பதன் பிறவினை. கடை, பள்ளி, கூட்டம் முதலியவை செயப்படுபொருளாக வரும்போது மேலாண்மையைக் குறிக்கும். மனிதர் செயப்படுபொருளாக வரும்போது அவரிடம் பழகும் முறையைக் குறிக்கும். ‘வழி’யோடு சேர்ந்து ‘வழிநடத்து’ ஆகும்போது தலைமையைக் குறிக்கும்.

(2) அவர் கிளையை நன்றாக நடத்துகிறார்.
(3) அவர் ஊழியர்களை நன்றாக நடத்துகிறார்.
(4) அவர் ஊழியர்களை நன்றாக வழிநடத்துகிறார்.

ராபர்ட் பிளேக்கும் ஜேன் மௌட்டனும் 1964இல் வெளியிட்ட மேலாண்மைக் கட்டம் உற்பத்தி மீதான அக்கறை, மனிதர் மீதான அக்கறை என்னும் இரண்டு அச்சுகளை உடையது; ஒவ்வொன்றும் 1 முதல் 9 வரை அளவிடப்படும். ஒரு மேலாளர் ஓர் அச்சில் உயர்ந்தும் மற்றதில் தாழ்ந்தும் இருத்தல் கூடும் என்பது அதன் கருத்து. (2), (3) ஆகிய தொடர்கள் இக்கருத்தை ஒரே வினையால், அன்றாட வழக்கிலேயே உணர்த்துகின்றன. (2) உண்மையாகவும் (3) பொய்யாகவும் இருக்கலாம் என்பதைத் தமிழ் பேசும் எவரும் அறிவர். இவ்வளவு வாய்ப்பான வினை இருக்க, ‘உற்பத்திசார் அக்கறை’, ‘மனிதவளம்சார் அக்கறை’ எனப் பெயர்த்தொடர்களை அடுக்குவது கற்பவரின் மொழியறிவைப் பயன்படுத்தாமல் ஒதுக்குவதாகும்.

5. கட்டுப்படுத்துதல்

ஃபயோல் நிர்வாகத்தை ஐந்து வினைகளாகவே வரையறுத்தார்: முன்னோக்குதல், ஒழுங்கமைத்தல், ஆணையிடுதல், ஒருங்கிணைத்தல், ‘கோந்த்ரோலே’ என்பன அவை. ஐந்தாவதற்கு உரிய பிரெஞ்சுச் சொல், மூலப்பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான எதிர்ப்பதிவேடு என்னும் பொருளிலிருந்து வந்தது. செய்தது திட்டத்தோடு பொருந்துகிறதா எனச் சரிபார்த்தலே அதன் மையப்பொருள். ஆங்கிலத்தில் ‘கண்ட்ரோல்’ ஆனபோது அதிகாரம் செலுத்துதல் என்னும் பொருளும் உடன் நின்றது. தமிழில் ‘கட்டுப்படுத்துதல்’ ஆனபோது சரிபார்த்தல் என்னும் பொருள் ஏறத்தாழ மறைந்தது. கூட்டத்தைக் கட்டுப்படுத்தல், நோயைக் கட்டுப்படுத்தல், விலையைக் கட்டுப்படுத்தல் என்னும் வழக்குகளில் மிகுவதை அடக்குதல் என்பதே பொருள்.

பாடநூலில் இத்தலைப்பின்கீழ் விளக்கப்படுவதோ அளவுகோல் வகுத்தல், விளைவை அளத்தல், இரண்டையும் ஒப்பிடல், வேறுபாட்டைத் திருத்தல் ஆகிய படிகளாகும். தலைப்பு ஒன்றையும் பாடம் மற்றொன்றையும் கூறுகின்றன. தேர்வு முடிந்தபின் மாணவர் நினைவில் எஞ்சுவது தலைப்பே. மேற்பார்வையாளராக அமரும்போது அவர் ஆட்களைக் கட்டுப்படுத்துவதையே தம் கடமையாகக் கொள்வாராயின், அதில் மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு.

டிரக்கர் 1954இல் வெளியிட்ட நூலில், குறிக்கோள்வழி மேலாண்மையைத் தற்கட்டுப்பாட்டோடு இணைத்தே தலைப்பிட்டார். ‘கண்ட்ரோல்’ இருபொருள் தரும் சொல் என்பதையும் அவரே விளக்கினார். தன்னையும் தன் பணியையும் தானே நெறிப்படுத்தும் ஆற்றல் ஒரு பொருள். ஒருவர் மற்றொருவரை அடக்கியாளுதல் மற்றொரு பொருள். குறிக்கோள்கள் முதற்பொருளுக்கே அடிப்படையாக வேண்டும் என்பது அவர் வற்புறுத்தல். தமிழில் ‘குறியிலக்கு மேலாண்மை’ என முற்பாதி மட்டும் பெயரில் நிலைத்தது. பிற்பாதியைச் ‘சுயகட்டுப்பாடு’ எனப் பெயர்த்தால் அது தன்னடக்கம் என்னும் அறப்பண்பாகப் புரிந்துகொள்ளப்படும். ‘தன் பணியின் விளைவைத் தானே அளந்து தானே திருத்திக்கொள்ளுதல்’ என வினைகளால் விரித்தால் மூலத்தின் கருத்து முழுமையாகக் கிடைக்கும். சொல் நீளும் என்பது குறையன்று. பொருள் திரிவதே குறை.

6. ஊக்கமும் ஊக்குவித்தலும்

‘மோட்டிவேஷன்’ என்னும் ஆங்கிலப்பெயர் இரண்டு பொருள்களை ஒருங்கே தாங்குகிறது: பணியாளரின் உள்ளத்தில் உள்ள விழைவு, மேலாளர் அதைத் தூண்டும் செயல். தமிழ் இவ்விரண்டையும் வடிவத்திலேயே வேறுபடுத்துகிறது. ‘ஊக்கம்’ ஒருவரிடம் உள்ளது; ‘ஊக்குவித்தல்’ ஒருவர் பிறர்க்குச் செய்வது. திருக்குறள் ‘ஊக்கமுடைமை’ எனத் தனி அதிகாரம் வகுத்ததும் ஊக்கத்தை உடைமையாகக் கருதியமையாலேயே. ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்திலும் எப்பொருள் எனத் தீர்மானிக்க வேண்டியவராகிறார். அனைத்திடத்தும் ‘ஊக்குவித்தல்’ என ஒரே சொல்லை ஆள்வது கலைச்சொல் ஒருமைப்பாடு போலத் தோன்றும். உண்மையில் அது பணியாளரின் உள்ளநிலை பற்றிய கோட்பாட்டை மேலாளரின் செயல் பற்றிய கோட்பாடாக மாற்றிவிடுகிறது.

பிரடரிக் ஹெர்ஸ்பெர்க்கின் கருத்துகளில் இத்திரிபு பெரிதாகிறது. 1959இல் அவர் பிறருடன் இணைந்து வெளியிட்ட நூல், பணி நிறைவைத் தரும் காரணிகள் வேறு, பணி வெறுப்பைத் தடுக்கும் காரணிகள் வேறு எனப் பிரித்தது. ஊதியம், பணிச்சூழல் ஆகியவற்றைப் பின்னதில் சேர்த்தது. 1968இல் எழுதிய கட்டுரையில், வெளியிலிருந்து தள்ளுவதால் ஒருவர் நகரலாமேயன்றி உள்ளிருந்து இயங்கமாட்டார் என அவர் வாதிட்டார். தமிழில் பணிக்கு மேல் தரப்படும் தொகை ‘ஊக்கத்தொகை’ எனப்படுகிறது. பணத்துக்குள் ஊக்கத்தை வைக்கும் இச்சொல், ஹெர்ஸ்பெர்க் மறுத்த கருத்தையே பெயராகக் கொண்டுள்ளது. வழக்கில் வேரூன்றிய இச்சொல்லை மாற்றுதல் இயலாது. ஆனால் ஹெர்ஸ்பெர்க்கை விளக்கும் பாடத்தில் இதனைக் கவனமின்றி ஆண்டால் கோட்பாடே தலைகீழாகும். அங்கு ‘ஊக்கம்’, ‘உந்துதல்’ என இருசொல் வேறுபாடு காட்டுதல் நலம்.

7. ஒப்படைத்தலும் பொறுப்பும்

‘டெலிகேஷன்’ என்பதற்குப் பாடநூல் வழக்கு ‘அதிகார ஒப்படைப்பு’. ‘ஒப்படை’ என்னும் வினை, கொடுப்பவர் தம்மிடம் ஏதும் வைத்துக்கொள்ளாமல் கைமாற்றுதலைக் குறிக்கும். ஆவணத்தை ஒப்படைத்தபின் கொடுத்தவர் கடமை முடிந்தது. மேலாண்மைக் கொள்கையோ இதற்கு மாறானது. அதிகாரத்தைப் பிறர்க்குத் தரலாம். மேலிடத்துக்கு விடைசொல்லும் கடப்பாடு தந்தவரிடமே எஞ்சும் என்பது அக்கொள்கை.

இக்குழப்பத்தைப் ‘பொறுப்பு’ என்னும் சொல் பெருக்குகிறது. இச்சொல் இன்று குறைந்தது நான்கு பொருள்களில் வழங்குகிறது. செய்யவேண்டிய கடமை ஒன்று. தவறினால் விடைசொல்ல வேண்டிய கடப்பாடு இரண்டு. நிறுமச் சட்டத்தில் கடன்சார் பிணைப்பு மூன்று. நிரந்தர அலுவலர் இல்லாதபோது ஒருவர் தற்காலிகமாக வகிக்கும் பதவி நான்கு. ‘ரெஸ்பான்சிபிலிட்டி’, ‘அக்கவுண்டபிலிட்டி’, ‘லயபிலிட்டி’ ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களும் இதில் வந்து கூடுகின்றன.

(5) பணிகள் ஒப்படைக்கப்பட்டு, அவற்றுக்கான பொறுப்பு உறுதிசெய்யப்பட வேண்டும்.

இத்தொடரில் ஒப்படைப்பவர் யார், பெறுபவர் யார், உறுதிசெய்பவர் யார் என்பன இல்லை. எந்தப் பொறுப்பு என்பதும் இல்லை. இதைப் படித்த மேலாளர், பணியைக் கீழுள்ளவரிடம் தந்துவிட்டுத் தவறு நேரும்போது அவரையே விடைசொல்லச் செய்தால், தொடரை மீறியவர் ஆகமாட்டார். முடிவெடுக்கும் அதிகாரம் தரப்படாமலே பழி மட்டும் தரப்பட்ட ஊழியர் இத்தொடரைக் காட்டி வாதிடவும் இயலாது. இதே கருத்தைப் பின்வருமாறு எழுதலாம்:

(6) மேலாளர் ஒரு பணியை ஒருவரிடம் தரும்போது, எந்த முடிவுகளை அவரே எடுக்கலாம், எவற்றைத் தம்மைக் கேட்டு எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பணியைச் செய்து முடிக்க வேண்டியவர் அதைப் பெற்றவர். பணி தவறினால் மேலிடத்துக்கு விடைசொல்ல வேண்டியவர் அதைத் தந்த மேலாளர்.

(5) ஆறு சொல். (6) அதைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். ஆனால் (6)இல் ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் உண்டு. இலங்கை வழக்கிலுள்ள ‘பொறுப்புக்கூறல்’ இவ்வகையில் நல்ல ஆக்கம். ‘கூறு’ என்னும் வினை இருப்பதால், யாரிடம் கூறுவது என்னும் வினாவை அச்சொல்லே எழுப்புகிறது. தமிழகப் பாடநூல்கள் இதனை ஏற்பது பயன் தரும்.

மேலாண்மை நூல்கள் திருக்குறளை இயலின் முகப்பில் அணியாக இடுவதுண்டு. ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரம் அவ்வாறு மிகுதியும் எடுத்தாளப்படும். அவ்வதிகாரம் செய்யவேண்டிய வினை, அதை முடிக்கும் வழி, முடிக்கக்கூடிய ஆள் ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்தபின் வினையை அவரிடம் விடச் சொல்கிறது. பங்கேற்போர் எவரும் மறையாத தொடரமைப்பு அது. முகப்பில் அதனை இட்டுவிட்டு உள்ளே (5) போன்ற தொடர்களை எழுதுவோர், குறளின் கருத்தைப் போற்றி அதன் தொடரியலைக் கைவிட்டவராவர்.

பேச்சுத் தமிழில் பணியளிப்புக்கு இயல்பாக வரும் வினை ‘பார்த்துக்கொள்’ என்பது. ‘கடையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்’ என்னும் தொடரில் ‘கொள்’ என்னும் துணைவினை, செய்பவர் அதைத் தம்முடையதாக ஏற்றுச் செய்கிறார் என்பதை உணர்த்துகிறது. ஆனால் ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது சூழலுக்கேற்ப நம்பிக்கையாகவும் கைகழுவலாகவும் அமையும். பணியளிப்புக்கும் கைவிடலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. எனினும் பயிற்சி ஏடுகளில் இத்தகைய வழக்கு இடம்பெறுவது அரிது.

8. நாம், நாங்கள், ஏவல்

தலைமைத் திறனில் ஒரு பகுதி பேச்சுத் திறன். ஆங்கில நூல்கள் ‘ஐ’ என்பதைத் தவிர்த்து ‘வீ’ என்று பேசுமாறு மேலாளருக்கு அறிவுறுத்துவதுண்டு. தமிழில் இவ்வறிவுரை அப்படியே செல்லாது. தமிழ் இலக்கண மரபு உளப்பாட்டுத் தன்மை என்று சுட்டும் வேறுபாடு இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. ‘நாம்’ கேட்போரை உட்படுத்தும்; ‘நாங்கள்’ விலக்கும்.

(7) இந்த ஆண்டு நாம் இலக்கை எட்டவில்லை.
(8) இந்த ஆண்டு நாங்கள் இலக்கை எட்டவில்லை.

மேலாளர் ஊழியரிடம் (7)ஐக் கூறினால் தோல்வியில் அனைவர்க்கும் பங்கு உண்டு. (8)ஐக் கூறினால் தோல்வி நிர்வாகத்தினுடையது. ஊதியக் குறைப்பை அறிவிக்கும் சுற்றறிக்கையில் ‘நாம் முடிவு செய்துள்ளோம்’ என எழுதினால், கலந்துகொள்ளாத முடிவில் ஊழியரைப் பங்காளி ஆக்குவதாகும். அவர்கள் அதைப் பொய்யென உணர்வர். ஆங்கில மூலத்தில் இவ்வேறுபாடு மறைந்திருப்பதால் மொழிபெயர்ப்பாளரே தீர்மானிக்க நேர்கிறது. பல மாநிலங்களில் இயங்கும் நிறுவனமொன்றின் ஒரே சுற்றறிக்கை தமிழ், தெலுங்கு, மலையாளம், மராத்தி, குஜராத்தி ஆகியவற்றில் இத்தேர்வை வேண்டும். இந்தியிலும் இன்றைய கன்னடத்திலும் வேண்டாது. இது நடைபற்றிய சிக்கல் அன்று. முடிவு யாருடையது என்னும் உண்மை பற்றிய சிக்கல். மூலத்தை எழுதியவரிடம் கேட்டுத் தெளிந்தபின் பெயர்ப்பதே முறை.

ஏவல் வடிவங்களும் இத்தகையனவே. ‘செய்’, ‘செய்யுங்கள்’, ‘செய்துவிடுங்கள்’, ‘செய்து தாருங்கள்’, ‘செய்யலாமே’ என்பன முன்னிலையாரின் தகுதியையும் அவருடனான உறவையும் வெவ்வேறாகக் காட்டுகின்றன. அலுவலக எழுத்தில் பயிலும் ‘செய்யவும்’ முன்னிலையாரைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பது கேட்பவரையும் மறைத்துவிடுகிறது. பெனலோப் பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் பணிவு மொழி பற்றி 1978இல் வெளியிட்டு 1987இல் நூலாக்கிய புகழ்பெற்ற ஆய்வுக்கு ஆதாரமான மூன்று மொழிகளுள் கோவை மாவட்டச் சிற்றூர்த் தமிழும் ஒன்று. உலக மொழியியலுக்குத் தரவு தந்த மொழியில் எழுதப்படும் மேலாண்மை ஏடுகள், பணிவாகக் கேட்பதைக் கற்பிக்க ஆங்கில வாய்பாடுகளைப் பெயர்த்துத் தருவது வியப்புக்குரியது.

9. ஊக்குநர்: ஒரு நல்லாக்கம்

வினைவழிச் சொல்லாக்கம் இயலாதது என்று கருதவேண்டியதில்லை. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி, 1997–98 முதல் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் விரிந்த சுயஉதவிக் குழுக்களில், 12 முதல் 20 வரை உறுப்பினர் கொண்ட குழுவை முன்நின்று நடத்துபவர்க்கு ‘ஊக்குநர்’ என்றும், வங்கிக் கணக்கு முதலியவற்றில் அவருடன் இயங்குவோர்க்குப் ‘பிரதிநிதிகள்’ என்றும் பெயரிடப்பட்டது. ‘ஊக்கு’ என்னும் வினையோடு ‘நர்’ விகுதி சேர்ந்த இப்பெயர், அப்பெண் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தன்னுள்ளே கொண்டுள்ளது. ‘தலைவி’ என்றிருந்தால் அவர் யார் என்பதை மட்டுமே அது சொல்லியிருக்கும். பதவியை நிலையான உடைமையாகக் கருதாமல் சுற்றுமுறையில் மாற்றவும் இத்தகைய பெயர் இடமளிக்கிறது.

பேச்சில் ‘குழுத்தலைவி’, ‘லீடர்’ என்னும் வழக்குகள் ஊக்குநரின் இடத்தில் புகுவதும் உண்டு. நல்ல சொல் அமைந்த அளவிலேயே சமூக வழக்கு மாறிவிடாது என்பதற்கு இது சான்று. எனினும், பயிற்சியாளருக்கும் ஏட்டை எழுதுபவருக்கும் ‘ஊக்குநர்’ என்னும் சொல் ஒரு பிடிமானம் ஆகிறது. உறுப்பினரை ஊக்குகிறாரா என்று கேட்டு அவர் பணியை அளவிட முடிகிறது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மொழிபெயர்ப்பாளரும் பாடநூல் ஆசிரியரும் கருதத்தக்க சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, அறிவியல் உரைநடையில் பெயராக்கம் வகைப்பாட்டுக்கு உதவுவது. அதனை முற்றும் விலக்குதல் இயலாது. ஆனால் ஒரு திறனைக் கற்பிக்கும் பகுதியில், கலைச்சொல்லைத் தலைப்பில் நிறுத்தி, விளக்கத்தை எழுவாயும் செயப்படுபொருளும் வெளிப்படையாக நிற்கும் வினைத்தொடர்களால் எழுத வேண்டும்.

இரண்டாவதாக, ‘பொறுப்பு’ போன்று பல ஆங்கிலச் சொற்கள் ஒன்றாகக் கூடும் இடங்களையும், ‘மோட்டிவேஷன்’ போன்று ஓர் ஆங்கிலச்சொல் தமிழில் இரண்டாகப் பிரியும் இடங்களையும் கலைச்சொல் தொகுதிகள் குறித்துக்காட்ட வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு நேர்ச்சொல் என்னும் பட்டியல் முறை இதற்குப் போதாது. சொல்லின் தொடரமைப்பையும் உடன்நிகழ்ச் சொற்களையும் காட்டும் பதிவுகள் தேவை.

மூன்றாவதாக, தன்மைப் பன்மை, ஏவல், துணைவினை ஆகியவற்றில் தமிழ் கட்டாயமாக வேண்டும் வேறுபாடுகளை மூலம் வழங்காதபோது, நிறுவனத்தில் உண்மையில் முடிவெடுப்பவர் யார் என்பதை அறிந்தே மொழிபெயர்க்க வேண்டும்.

நான்காவதாக, தொழிற்கூடம், வங்கிக் கிளை, கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு ஆகிய இடங்களில் பணி கேட்கப்படும் முறையும் தரப்படும் முறையும் மறுக்கப்படும் முறையும் களஆய்வால் தொகுக்கப்பட வேண்டும். ‘நடத்து’, ‘பார்த்துக்கொள்’, ‘விடைசொல்’ முதலிய வினைகள் அங்கு எவ்வெத் தொடர்களில், யார் வாயில், யாரை நோக்கி வருகின்றன என்பது அறியப்பட்டால், தமிழில் மேலாண்மை பற்றி எழுதுவோர் ஆங்கிலப் பெயர்ச்சொற்களை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை குறையும். இத்தொகுப்பு மொழியியலாரின் பணி. மேலாண்மைத் துறையினர் மட்டும் இதனைச் செய்துவிட இயலாது.